நூறு வயதுப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நூற்றாண்டு விழா எடுக்கப் போகிறார்கள். ஊரையும் பள்ளியையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டடத்தில் 1934 என்று ஒரு கல் இருக்கிறது. பெரியவர்களோ அதற்குப் பத்து வருஷம் முன்பே பள்ளிக்கூடம் இருந்தது என்கிறார்கள். பீரோவில் பழைய ரிஜிஸ்டர்கள் இரண்டு மூன்று கிடக்கின்றன. எங்கே தொடங்குவது, எதை நம்புவது?"

கல்லும் பொய் சொல்லவில்லை, பெரியவர்களும் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளி எதற்கும் மூன்று பிறந்தநாள் உண்டு. யாரோ ஒருவர் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாள் ஒன்று. அதை அரசோ உள்ளாட்சி போர்டோ அங்கீகரித்து மானியமோ சம்பளமோ கொடுத்த நாள் இன்னொன்று. கட்டடம் எழும்பிக் கல் பதித்த நாள் மூன்றாவது. இவற்றுக்கு நடுவே பத்து வருஷமும் இருக்கும், இருபது வருஷமும் இருக்கும். கல்லில் இருப்பது மூன்றாவது நாள், பெரியவர்கள் நினைவில் இருப்பது முதல் நாள். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். இதைக் குழப்பிக்கொண்டு முதல் பக்கத்திலேயே தவறிய நூற்றாண்டு மலர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் அந்த பீரோ. அதில் சேர்க்கைப் பதிவேடு, அதாவது அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருகைப் பதிவேடுகளைக் காலம் கழித்து அப்புறப்படுத்திவிடுவார்கள். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம். ஊரில் பல வீடுகளில் தாத்தாவின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெயரும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அடுத்தடுத்த வரியில் இருக்கும் புத்தகம் கிராமத்தில் வேறெதுவும் கிடையாது. கோயில் வரிக் கணக்கில்கூட அப்படி இருக்காது.

இந்த மாதிரி வேலைக்குச் சில ஊர்களில் உதவியாக இருந்திருக்கிறேன். பதிவேட்டை எடுத்ததும் எல்லோரும் தேடுவது தங்கள் அப்பா பெயரை. நீங்களும் தேடுங்கள், அதில் தவறில்லை. அதற்குப் பிறகு மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் பெண்பிள்ளையின் சேர்க்கை எண்ணும் ஆண்டும், காலனித் தெருவிலிருந்து முதல் பிள்ளை சேர்ந்த ஆண்டு, கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துப் போன முதல் ஆண்டு. உங்கள் நூலின் முதுகெலும்பு இந்த மூன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தலைமையாசிரியர்கள் பட்டியலைப் பின்னிணைப்பில் போட்டுக்கொள்ளலாம். பள்ளியின் கதை என்பது யார் எப்போது உள்ளே வந்தார்கள், யார் எவ்வளவு காலம் வாசலில் நின்றார்கள் என்பதுதான்.

பதிவேட்டை வாசிப்பதற்கும் பழக்கம் வேண்டும். பிறந்த தேதிக் கட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் பின்னால் போய் வாத்தியார் ஒரு தேதியை எழுதிவிடுவார். அதனால்தான் பழைய பக்கங்களில் பாதி ஊர் ஜூன், ஜூலையில் பிறந்திருக்கும். அந்தத் தேதியை வைத்துத்தான் பிறகு வேலைக்குப் போனார்கள், ஓய்வும் பெற்றார்கள். உண்மையான வயது தாத்தாவுக்கு மட்டுமே தெரியும்: "பெரும்புயல் அடிச்ச வருஷம் நான் கைக்குழந்தை" என்பார்.

பெற்றோரின் தொழில் கட்டம் ஊரின் பொருளாதார வரலாறு. விவசாயம், பண்ணையாள், நெசவு, வண்டி ஓட்டுதல் என்று ஆரம்பித்து, சில பத்தாண்டுகள் கழித்து மில் வேலை, கொத்தனார், டிரைவர் என்று மாறிக்கொண்டே வரும். எந்த ஆண்டில் 'பண்ணையாள்' என்ற சொல் நின்றுபோகிறது என்று பாருங்கள். உழைப்பு நின்றுவிட்டதா, எழுதுகிறவர் சொல்லை மட்டும் மாற்றினாரா என்பதை ஊரில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நின்ற தேதிக் கட்டம்தான் மனதைப் பிசையும். ஏதாவது ஓர் ஆண்டை எடுத்து, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் வகுப்பு வரை, எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு வரை தங்கினார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு பகல் வேலைதான். கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவின் 1929 அறிக்கை பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் இதையே எண்ணிப் பார்த்தது. 1922-23-ல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு 100 பேரிலும் 18 பேர்தான் 1925-26-ல் நான்காம் வகுப்பில் இருந்தார்கள். உங்கள் பள்ளி தொடங்கியதாகப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதே காலம். உங்கள் எண்ணை அந்த எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஓர் ஊரில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். பதிவேட்டில் அவர் பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு, காரணம் என்ற கட்டத்தில் "நீண்ட நாள் வரவில்லை" என்று இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வரலைன்னா எழுதியிருக்கு? கடலைக்காட்டுல களையெடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி. ஒரு மாசம் கழிச்சுப் போனேன். பேரை அடிச்சாச்சுன்னு சொன்னாங்க. வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்." பதிவேட்டில் இருந்தது மூன்று சொற்கள். நூலில் அந்த மூன்று சொற்களும் வந்தன, அவர் சொன்னதும் அதன் கீழேயே வந்தது. நீங்களும் இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

இனி முதல் பிறந்தநாளுக்கு வருவோம். போர்டு பள்ளிக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்திருக்கும். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரியவந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஆங்கிலேயர் வந்துதான் எழுத்தே வந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பதில். ஆனால் அதே கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் கிடையாது. திண்ணைப் பள்ளியின் பெருமையை எழுதும்போது இதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அங்கே நடந்த படிப்பு அபாரமானது. மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையில் எழுத்தாணி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. பெரிய மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அமாவாசையும் பௌர்ணமியும் 'வாவு' விடுமுறை. மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் மணலில் எழுதும் முறையையும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் கவனித்து, தன் பள்ளியில் பயன்படுத்தி, இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர்.

திண்ணைப் பள்ளியின் பின்னக் கணக்கில் முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு, மா 20-ல் ஒன்று, மாகாணி 16-ல் ஒன்று. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்து, எடையும் அளவையும் மெட்ரிக் முறைக்கு மாறும் வரை ரூபாய் அணா பைசாதான் கணக்கு, ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. அதனால் சுதந்திரத்தை ஒட்டிப் பள்ளிக்குப் போனவர்களில் சிலர் மாகாணி வாய்பாட்டை இன்னும் ராகத்தோடு சொல்வார்கள். யாராவது கிடைத்தால் இன்றைக்கே போனில் பதிவுசெய்து வையுங்கள். நூல் எழுதுவதைவிட அது அவசரம்.

பள்ளி யாருடையதாக இருந்தது என்பது அடுத்த கேள்வி. இப்போது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பதால் ஆதியிலிருந்தே அரசுப் பள்ளி என்று எழுதிவிடக் கூடாது. கல்விக் கொள்கையை வகுத்த 1854-ன் உட்ஸ் அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் வழி திறந்தது. திண்ணை வாத்தியார்கள் பலர் அந்த மானியத்துக்காக ரிஜிஸ்டர் போட்டு, இன்ஸ்பெக்டரை வரவழைத்து, எயிடெட் பள்ளியாக மாறினார்கள். வேறு பக்கம் 1884-ன் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் சொந்தமாகப் பள்ளி நடத்தின. திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் மிஷன் பள்ளியாகத் தொடங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. தரங்கம்பாடியில் புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியது 1706-ல். மதுரை, தேனிப் பக்கம் கள்ளர் சமூகத்துப் பிள்ளைகளுக்காக அரசு திறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனி வகை. தாழ்த்தப்பட்ட மக்களுக்காக லேபர் டிபார்ட்மென்ட் 1920-களில் திறந்த 'லேபர் ஸ்கூல்'கள்தான் பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின.

உங்கள் பதிவேட்டின் அட்டையிலும் முத்திரையிலும் இதற்கு விடை இருக்கும். 'தாலுகா போர்டு' என்று முத்திரை இருந்தால் அந்தப் பக்கம் 1930-களின் நடுப்பகுதிக்கு முந்தியது, ஏனென்றால் அதோடு தாலுகா போர்டுகள் ஒழிந்தன. 'ஊராட்சி ஒன்றியம்' என்று வந்துவிட்டால் 1958-ன் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிந்தியது. 'மதராஸ் மாநிலம்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது.

ஊரில் இரண்டு பள்ளிகள் இருந்திருந்தால், ஏன் இரண்டு என்று கேளுங்கள். கோயில் மண்டபத்திலோ மேல்தெரு வீட்டுத் திண்ணையிலோ பள்ளி நடந்தால், அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாதவர்களின் பிள்ளை எப்படிப் படித்திருக்கும்? அதனால்தான் இன்னொரு பள்ளி. இதைக் கேட்பது சங்கடமாக இருக்கும். விழாக் கமிட்டியில் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று ஒருவராவது சொல்வார். பொறுமையாக, விடாமல் கேளுங்கள். காலனியில் உள்ள பெரியவர்களிடம் போய், பள்ளிக்குள் எங்கே உட்கார்ந்தீர்கள், தண்ணீர் எப்படிக் குடித்தீர்கள் என்று கேளுங்கள். "உங்க காலத்துல பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்தது, ஸ்லேட்டை எதால் துடைத்தீர்கள், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகும், மணி அடித்தது யார் என்று கேட்டால் கதவு திறக்கும். கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துப் பலகையைத் தேய்த்த கதையில் ஆரம்பித்தவர், அரைமணி நேரத்தில் யாரைத் தனியாக உட்காரவைத்தார்கள் என்பதைத் தானாகவே சொல்லிவிடுவார்.

நிலம் கொடுத்தவர் யார் என்பதில்தான் சண்டை வரும். இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடும். வாய்ச்சொல்லில் தீர்க்கப் பார்க்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரம் இருக்கிறதா என்று மனுப்போட்டுத் தேடச் சொல்லுங்கள். இணையத்தில் பார்க்கும் வில்லங்க விவரம் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியது. அதற்கு முந்தியதைப் பழைய புத்தகங்களில் கையால்தான் தேட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள 'ஏ' பதிவேட்டைப் பாருங்கள். பள்ளி இருக்கும் சர்வே எண்ணுக்கு நேரே புறம்போக்கு என்று இருக்கிறதா, யார் பெயராவது இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஓர் ஊரில் 'தானம்' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த நிலம், பத்திரத்தில் பரிவர்த்தனையாக இருந்தது: ஊர்ப் பொதுநிலத்தைக் கொடுத்துவிட்டு வாங்கியது. அதை எழுத எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் குடும்பம் பள்ளிக்குக் கிணறு வெட்டிக்கொடுத்தது உண்மை, அதற்குச் சாட்சியும் இருந்தது. அதை நிறையவே எழுதினோம்.

பழைய பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர்தான் இருக்கும். 'துந்துபி வருஷம்' என்றால் 1922-23 ஆகவும் இருக்கலாம், 1982-83 ஆகவும் இருக்கலாம், 1862-63 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்று. பக்கத்தில் பசலி, அதாவது வருவாய்த்துறையின் ஆண்டு எண் போட்டிருந்தால் தப்பித்தீர்கள்: பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1332 என்றால் 1922 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

ஐம்பதுகள் வரும்போது நிதானமாக எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்கள் கண்ணால் கண்ட காலம் அது. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டம், குலக்கல்வி என்று பெயர்பெற்று, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954-ல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அந்த ஓராண்டில் உங்கள் பள்ளியில் நேரம் மாறியதா என்று கேளுங்கள். 1956-ல் மதிய உணவு வந்தது. பதிவேட்டில் அதற்கு முந்திய மூன்று ஆண்டு, பிந்திய மூன்று ஆண்டுச் சேர்க்கையை எண்ணி ஒரு சிறு கட்டம் போடுங்கள். எந்தத் தெருவிலிருந்து கூடுதலாக வந்தார்கள் என்பதையும் சேருங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியபோதும் இதே மாதிரி எண்ணிப் பார்க்கலாம்.

1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். அரசு கொடுத்ததுபோக, ஊரே சேர்ந்து பள்ளிக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுப்பது என்று கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியது. பெஞ்சு, கடிகாரம், பீரோ, தட்டு, டம்ளர், கரும்பலகை என்று ஜனங்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உங்கள் ரிஜிஸ்டர்கள் கிடக்கும் பீரோவின் கதவையே பாருங்கள். பெயின்ட் அடுக்குக்குக் கீழே 'உபயம்' என்று யார் பெயராவது தெரியலாம். சுவர்க் கடிகாரத்தின் பின்பக்கம், பெஞ்சின் அடிப்பக்கம், மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு எல்லாவற்றையும் ஒரு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். நாலணா சேர்த்துக் கொடுத்தவர்கள் கல்வெட்டில் வரமாட்டார்கள், இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடைப்பார்கள்.

அறுபதுக்குப் பிந்திய நிர்வாக மாற்றங்களுக்கு இரண்டு பத்தி போதும். ஒன்றியத்தின் கையில் இருந்த ஆசிரியர்கள் 1981 ஜூனில் அரசு ஊழியர்களானது, 1987 வாக்கில் கரும்பலகைத் திட்டத்தில் இரண்டாவது ஆசிரியரும் இரண்டாவது அறையும் வந்தது, 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, இவையெல்லாம் எல்லாப் பள்ளிக்கும் பொது. அந்த இரண்டாவது வாத்தியார் வந்த நாளன்று ஊர் என்ன செய்தது என்பது மட்டும் உங்களுடையது.

கடைசி இருபது வருஷத்தை மறைக்க வேண்டாம். பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். அவர்களையும் காலையில் தனியார் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போகிறது. வேலைக்காக நகரத்துக்குக் குடிபோன குடும்பங்களும் நிறைய. உங்கள் பதிவேட்டில் ஆண்டுக்கு முப்பது பெயர் இருந்த பக்கம் ஐந்து பெயராக வற்றியிருந்தால், அந்த எண்களை அப்படியே அச்சிடுங்கள். விழாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருடைய பேரப்பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கிறது என்று ஊருக்குத் தெரியும், நூலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே தேட நேரம் இருந்தால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளும் கல்வித்துறை ஆண்டறிக்கைகளும் உள்ளன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாடப்புத்தகங்களும் பத்திரிகைகளும் கிடைக்கும். 1961 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் ஊர்வாரியாகப் பள்ளி இருக்கிறதா என்று குறித்திருப்பார்கள். ஆனால் இவை எதுவும் அந்தப் பதிவேட்டுக்கு ஈடில்லை.

பதிவேட்டைத் தொடும் முன் தலைமையாசிரியர் மூலமாக வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பள்ளியை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம், அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. தாள் அதோடு போய்விடும். சாதிக் கட்டம் தெரியும்படி எந்தப் பக்கத்தையும் நூலில் அச்சிட வேண்டாம். எண்ணிக்கையாக, தெருவாரியாகச் சொன்னால் போதும். உயிரோடு இருப்பவர் படிப்பை நிறுத்திய காரணத்தை அவரிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் போடுங்கள். நான் சொன்ன அந்த அம்மா சம்மதித்தார், ஆனால் பெயரைப் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

முதல் வேலையாக ஒரு சாயங்காலம் ஊரில் நாலு பெரியவர்களை உட்காரவைத்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள பெயர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். அழைப்பிதழ் அச்சானதும் முதல் கட்டு அவர்களுக்குப் போகட்டும். பழைய குரூப் போட்டோ ஊரில் இருக்கும் வீடுகளில் கிடைப்பதைவிட, ஊரைவிட்டுப் போனவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் அதிகம் கிடைக்கும். படத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களும் வருஷமும் எழுதியிருப்பார்கள்.